குளத்தைக் காலி செய்யாதீர்கள்

"தண்ணி பச்சையாயிடுச்சுப்பா. மொத்தமா எறக்கிட்டுப் புதுசா ரொப்பிடலாமா?" சென்னையில் அடையாறு, கோட்டூர்புரம், போட் கிளப் பக்கம் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் போன் செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "வேண்டாம் சார், இருங்க, வந்து பாக்கறேன்" என்பேன். போய்ப் பார்த்தால் கோளாறு மோட்டார் அறையில் இருக்கும். தண்ணீரை மாற்றிவிட்டுக் கோளாறை அப்படியே விட்டால் புதுத் தண்ணீரும் பத்து நாளில் பச்சையாகிவிடும்.

பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம். பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் நடுத்தரக் குளம் இவ்வளவுதான். அதில் நிற்பது 60,000 லிட்டர். லாரித் தண்ணீர் என்றால் 12,000 லிட்டர் வண்டி ஐந்து. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் காய்ந்து கிடந்தபோது எங்கள் மயிலாப்பூர்ச் சந்துகளில் ராத்திரி ஒரு மணிக்கும் குடங்கள் வரிசையில் நின்றன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஐந்து லாரித் தண்ணீரைச் சாக்கடையில் விடச் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு அவசியமும் இல்லை. மோட்டாரும் ஃபில்டரும் ஒழுங்காக ஓடினால், வெயிலில் ஆவியாவதையும் ஃபில்டரைக் கழுவும்போது போவதையும் ஈடுகட்டினால் போதும். ஒரே தண்ணீர் வருஷக்கணக்கில் தெளிந்து நிற்கும்.

நான் முதலில் கற்றது மோட்டார். தண்ணீர் பிறகு வந்தது. மந்தைவெளியில் ஒரு வைண்டிங் கடையில் பையனாகச் சேர்ந்தேன். மாவு அரைக்கும் கிரைண்டர், சம்ப் மோட்டார், கோயம்புத்தூர் போர் மோட்டார் எல்லாம் எரிந்தோ மக்கர் செய்தோ அங்கே வந்து சேரும். என் ஆசான் அதிகம் பேசமாட்டார். ஒரு மோட்டார் வந்தால் கழற்றுவதற்கு முன் அதை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். "கழட்டறதுக்கு முன்னாடி கேளுடா" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். பேரிங் காய்ந்திருந்தால் கரகரவென்று அரைக்கும். தண்ணீர் போதாமல் காற்றை இழுக்கும் பம்ப்புக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் வரும். கண்டென்சர் போயிருந்தால் சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே சூடாகும். இந்த மூன்று சத்தமும் காதில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்றைக்கும் அந்த ஸ்க்ரூடிரைவர்தான் என் பையில் முதலில் இருக்கும்.

1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. வேளச்சேரியில் அதற்காகத்தான் நீச்சல் வளாகம் கட்டினார்கள். அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் கடைக்கு, முன்னால் கூடை வைத்த, பிளாஸ்டிக் உடம்புள்ள, புதுவிதமான பம்ப்புகள் வர ஆரம்பித்தன. பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒரு கட்டத்தில் பம்ப்போடு சேர்ந்து குளத்துக்கே போய்விட்டேன்.

மயிலாப்பூர்க்காரனுக்குக் குளம் என்றால் கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளம்தான். தைப்பூசத்துக்குத் தெப்பம் சுற்றும் அந்தக் குளத்துக்கு ஃபில்டர் கிடையாது. மண்ணும் மீனும் பாசியும் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்ளும். வீட்டுக் குளத்தில் டைல்ஸ் இருக்கிறது, உயிர் எதுவும் இல்லை. அங்கே மண்ணும் மீனும் செய்யும் வேலையை இங்கே ஒரு பம்ப், ஒரு மணல் ஃபில்டர், கொஞ்சம் குளோரின் மூன்றும் செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று படுத்தாலும் தண்ணீர் இரண்டே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறைய வீடுகளில் பம்ப் படுத்திருக்காது, படுக்க வைத்திருப்பார்கள். ஒரு குதிரைச் சக்தி பம்ப் மணிக்குப் பத்து முதல் பன்னிரண்டாயிரம் லிட்டர் தள்ளும். 60,000 லிட்டர் ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய்வர ஐந்து, ஆறு மணி நேரம் வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து காலையில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு நிறுத்தினால், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஆறு யூனிட். அதை மிச்சம் பிடித்துவிட்டு மருந்துக்கும் லாரிக்கும் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் நான் பார்ப்பது ஃபில்டர் தலையில் இருக்கும் பிரஷர் மீட்டரை. முக்கால்வாசி வீட்டில் அது கெட்டுப்போய், மோட்டார் நின்றாலும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் மாற்றுவேன். பிறகு ஃபில்டரை நன்றாகக் கழுவி ஓடவிட்டு, முள் நிற்கும் எண்ணைச் சுவரில் மார்க்கரால் எழுதி வைப்பேன். அந்த எண்தான் அந்த வீட்டின் அளவுகோல். அதற்கு மேல் எட்டு முதல் பத்து பி.எஸ்.ஐ. ஏறினால் மணல் அழுக்கைப் பிடித்துவிட்டது, பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மணலைக் கழுவ வேண்டும். எண் கீழே இறங்கினால் கோளாறு ஃபில்டருக்கு முன்னால்: கூடை நிறைந்திருக்கும், இல்லை பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரில் அடைப்பு, இல்லை பம்ப் காற்றை இழுக்கிறது. சித்திரையில் வேப்பமரம் பூக்கும் தெருக்களில் இது நிச்சயம் வரும். வேப்பம்பூ அவ்வளவு சின்னது, கூடையின் கண்ணைத் தாண்டி இம்பெல்லரின் இதழ்களுக்குள் போய்க் களியாக ஒட்டிக்கொள்ளும். பழைய நைலான் சாக்ஸைக் கூடையின் மேல் இழுத்து மாட்டினால் தீர்ந்தது. தினமும் உதறிப் போட மறக்கக்கூடாது.

பேக்வாஷை வாரம் ஒருநாள் என்று சடங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு நானூறு முதல் அறுநூறு லிட்டர் போகும். மீட்டர் கேட்கும்போது செய்தால் போதும். லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் நன்றாக வடிகட்டும். போகிற தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து ஒருநாள் தெளியவிட்டால் கார் நிறுத்துமிடம் கழுவலாம், கக்கூசுக்கு ஊற்றலாம். ஆனால் மழைநீர்க் கிணற்றில் மட்டும் விடாதீர்கள். 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் நிலத்தடி நீர் கொஞ்சமாவது தேறியது. அந்தக் கிணற்றில் குளோரினும் உப்பும் கலந்த அழுக்கை இறக்குவது அக்கம்பக்கத்து போர்களுக்கெல்லாம் செய்கிற துரோகம்.

அடையாறு காந்தி நகரில் ஒரு வீடு. வயதான அம்மா ஒருவர், மூட்டுவலிக்காகத் தினமும் தண்ணீரில் நடப்பவர். குளம் நாளுக்கு ஒன்றரை அங்குலம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "டைல்ஸ்ல லீக்கு. காலி பண்ணி, பேர்த்து, வாட்டர் புரூஃப் பண்ணணும்" என்று லட்சக்கணக்கில் தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உங்க அபிப்பிராயம் என்ன தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்கம்மா. ஒரு பக்கெட் மட்டும் வேணும்" என்றேன்.

பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் இரண்டாவது படியில் வைத்தேன். பக்கெட்டுக்குள் தண்ணீர் மட்டம் எங்கே, வெளியே குளத்து மட்டம் எங்கே என்று இரண்டு கோடு. வெயிலும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெறும் ஆவி. குளம் அதிகமாக இறங்கினால் அந்த வித்தியாசம்தான் ஒழுக்கு. முதல் நாள் மோட்டாரைப் போடவே இல்லை. மறுநாள் காலையில் இரண்டு மட்டமும் கோட்டிலிருந்து அரை சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தன. அப்படியென்றால் டைல்ஸ் மேல் குற்றமில்லை. இரண்டாம் நாள் வழக்கம்போல மோட்டார் ஓடியது. பக்கெட் அரை சென்டிமீட்டர், குளம் நாலு. ஐம்பது சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 500 லிட்டர், அதாவது ஒரு நாளில் 1,700 லிட்டருக்கு மேல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போது மட்டும் போகிறது என்றால், அது பிரஷர் இருக்கிற பக்கத்தில்தான் போகவேண்டும்.

மணல் ஃபில்டரின் மேல் ஆறு நிலைகள் கொண்ட ஒரு வால்வு உண்டு. வடிகட்ட, பேக்வாஷ் செய்ய, அலச, வெளியேற்ற, ஃபில்டரைத் தவிர்த்துச் சுற்ற, மூட என்று ஒரே கைப்பிடி. உள்ளே சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கட் இந்த ஆறு பாதைகளையும் பிரித்து வைத்திருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பினால், அந்த அழுத்தத்தில் கேஸ்கட் பள்ளத்திலிருந்து எழும்பி மடங்கிவிடும். பிறகு வடிகட்டும் நிலையில் வைத்தாலும் ஒரு பங்கு தண்ணீர் கழிவுக் குழாய்க்கு நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் கழிவுக் குழாய் தரைக்கடியிலேயே தெருச் சாக்கடைக்குப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. குழாயை வால்வருகே அறுத்துப் பார்த்தேன். விரல் தடிமனுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வால்வைத் திறந்தால் கேஸ்கட்டின் ஒரு கால் பிய்ந்து தொங்கியது. செம்புதாஸ் தெருவுக்குப் போய்ப் புதுக் கேஸ்கட் வாங்கிவந்தேன், சில நூறு ரூபாய். பள்ளத்தைத் துடைத்து, பழைய பசையைச் சுரண்டி, புதியதை ஒட்டி, ஒருநாள் காயவிட்டேன். அறுத்த இடத்தில் கண்ணாடிக் குழாய்த் துண்டு ஒன்றையும் பொருத்தினேன், இனி ஒழுகினால் தெரியட்டும் என்று. தோட்டக்காரரிடம் "அண்ணே, சுவிட்ச் ஆஃப் பண்ணாம இந்தக் கைப்பிடியைத் தொடவே கூடாது" என்று சொல்லி, வால்வின் மேலேயே எழுதியும் ஒட்டிவிட்டு வந்தேன். பக்கெட் பார்க்காமல் டைல்ஸைப் பேர்த்திருந்தால், அத்தனை லட்சமும் 60,000 லிட்டரும் போன பிறகும் அந்தக் கேஸ்கட் அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கும்.

அடுத்து அதிகம் வருவது, "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்கிற புகார். தி. நகரில் இப்போது அடுக்குமாடியின் மொட்டைமாடியில் குளம் வைக்கிறார்கள். பம்ப் பெரும்பாலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நின்றதும் உறிஞ்சு குழாயில் இருக்கும் தண்ணீர் குளத்துக்குத் திரும்பிவிடும், மறுநாள் காற்றைத்தான் சுற்றும். நான்-ரிட்டர்ன் வால்வைச் சரிபார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. கூடையின் கண்ணாடி மூடிக்குக் கீழே குமிழிகள் கொதிப்பதைப் பார்க்கலாம். எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். காற்றாடி, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு, ஓடும் பம்ப்பின் மூடி விளிம்பிலும் ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் பத்தியை மெல்ல நகர்த்த வேண்டும். நேராக எழும் புகை ஓர் இடத்தில் வளைந்து உள்ளே போகும். அங்கேதான் ஓட்டை. பத்தில் ஏழு இடத்தில் அது மூடியின் ஓ-ரிங். அதற்கு வாஸ்லினோ பேரிங் கிரீஸோ தடவியிருப்பார்கள். பெட்ரோலியம் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்து, பள்ளத்தில் உட்காராது. சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் போடவேண்டும்.

பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்துவிட்டது. 'சொட்டுதானே' என்று விட்டால் அந்த நீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் துருப்பிடித்து இறுகும். மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், வைண்டிங் எரியும். கடைக்கு வரும் எரிந்த மோட்டார்களில் நிறைய இப்படி ஒரு சொட்டில் ஆரம்பித்தவை. மற்றவை மே மாதத்து லோ வோல்டேஜில் போனவை. தெரு முழுக்க ஏசி ஓடும் ராத்திரியில் குளத்து மோட்டாரை டைமரில் போடாதீர்கள். விடியற்காலை நல்ல நேரம். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடல்காற்று வேறு டெர்மினல்களைப் பச்சை பூக்கவைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுரண்டி இறுக்குவது அங்கே கட்டாயம்.

எந்திரம் சரியான பிறகுதான் மருந்து. நம் போர் தண்ணீரில் இரும்பு இருக்கும், கடினத்தன்மை இருக்கும், கடலோரம் என்றால் உப்பும் இருக்கும். போர் தண்ணீரை நிரப்பிவிட்டு ஒரே மூச்சில் குளோரினைக் கொட்டினால் இரும்பு துருவாகப் பிரிந்து குளமே டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். வீட்டுக்காரர்கள் பதறி, உடனே காலி செய்யலாம் என்பார்கள். பயப்பட வேண்டாம். துரு பிரிந்தது நல்லதுக்குத்தான், இப்போது அதைப் பிடித்துவிடலாம். படிகாரத்தைக் கரைத்துப் பரவலாக ஊற்றி, கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்தினால் அடியில் படிந்துவிடும். காலையில் வால்வை வெளியேற்றும் நிலையில் வைத்து, தரையை மெதுவாக வேக்குவம் பிடித்தால் அழுக்கு நேரே வெளியே போகும். போவது சில ஆயிரம் லிட்டர். மிச்சம் அப்படியே நிற்கும்.

பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் பி.எச். அது ஏழரையில் இருந்தால் போடும் குளோரினில் பாதி வேலை செய்யும். எட்டுக்குப் போனால் கால் பங்குதான். மேலும் மேலும் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், மூக்கு எரியும், பாசி சாகாது. முதலில் ஆசிட் போட்டு ஏழு புள்ளி இரண்டுக்கும் ஏழு புள்ளி ஆறுக்கும் நடுவில் கொண்டுவர வேண்டும், பிறகு குளோரின். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

காலி செய்வதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறதென்றால் அது சயனூரிக் அமிலம். இப்போது எல்லோரும் போடுவது டி.சி.சி.ஏ. 90 என்கிற பவுடரும் மாத்திரையும். அதில் குளோரினோடு சேர்ந்து இதுவும் வரும். வெயிலில் குளோரின் பறந்துவிடாமல் காக்கும், அளவாக இருந்தால் நல்லது. முப்பது முதல் ஐம்பது பி.பி.எம். போதும். ஆனால் குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. 60,000 லிட்டரில் ஒரு கிலோ டி.சி.சி.ஏ. போட்டால் ஒன்பது பி.பி.எம். ஏறும். பத்துப் பன்னிரண்டு கிலோவில் நூறைத் தாண்டிவிடும். பிறகு குளோரின் மீட்டரில் தெரியும், பாசி மேல் வேலை செய்யாது. அதைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர எளிய வழி இல்லை. அதற்கும் முழுக்க இறக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குளத்தில் விழவிட்டு, வழிவதை வழியவிடுங்கள். வானம் இலவசமாக மாற்றித் தரும். மார்கழியில் சோதித்துப் பார்த்தால் எண் நன்றாக இறங்கியிருக்கும். வருஷத்தில் பாதி நாள் டி.சி.சி.ஏ.வுக்குப் பதில் திரவக் குளோரின் போட்டாலே இந்தப் பிரச்சினை வராது. திரவம் நம் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழக்கும், ஆகவே சின்னக் கேன்களாக வாங்கி நிழலில் வையுங்கள். இரண்டு வகைக் குளோரினை ஒரே மக்கால் அள்ளாதீர்கள். டி.சி.சி.ஏ.வும் பிளீச்சிங் வகையும் ஈரத்தில் ஒன்றாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் விஷவாயு. மோட்டார் அறை என்பது பலபேர் வீட்டில் ஜன்னல் இல்லாத பள்ளம். அங்கே இரண்டையும் அடுக்கி வைத்துவிட்டு ஒரு பையனை உள்ளே இறக்குவது கொலைக்குச் சமம். இதைச் சொல்ல நான் தயங்குவதே இல்லை.

மழைக்காலத்தில் காலி செய்வதற்கு எதிராக இன்னும் பெரிய காரணம் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் வந்தது. பல வீடுகளில் மோட்டார் அறைதான் முதலில் மூழ்கியது. குளம் முழுக்க ஆற்றுச் சேறும் சாக்கடையும். தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான், அந்த நாற்றத்தை உடனே வெளியேற்ற வேண்டும். ஒரு வீட்டில் நாங்கள் போவதற்குள் இறக்கிவிட்டார்கள். இரண்டு நாளில் தரை டைல்ஸ் நடுவில் வீங்கி எழும்பி, ஒரு சுவரோரம் நீளமாக வெடித்திருந்தது. குளத்தில் நிற்கும் 60,000 லிட்டரின் எடை அறுபது டன். சுற்றிலும் மண்ணுக்குள் ஏறியிருக்கும் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளுவதை அந்த எடைதான் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வெறும் தொட்டியைப் பூமி மேலே தூக்கும். மற்ற வீடுகளில் நாங்கள் தண்ணீரை அப்படியே வைத்து, குளோரினை அதிகப்படுத்தி, படிகாரம் போட்டு, வேக்குவம் பிடித்து, மீண்டும் மீண்டும் அதையே செய்தோம். தை பிறந்து நிலத்தடி மட்டம் இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். அந்தக் குளங்கள் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

அந்த டிசம்பரில் கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டவர்களின் மோட்டார்கள் அந்த நிமிஷமே எரிந்தன. போடாமல் எங்களிடம் கொடுத்தவை பெரும்பாலும் பிழைத்தன. திறந்தால் வைண்டிங்குக்குள் களிமண் அப்பியிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, மரப்பெட்டிக்குள் வைத்து, இருநூறு வாட் குண்டு பல்புகளை உள்ளே எரியவிட்டு இரண்டு மூன்று நாள் காயவைப்போம். மெக்கர் வைத்துப் பார்த்து இன்சுலேஷன் தேறியதென்றால் வார்னிஷ், புதுப் பேரிங், புது சீல். ஆசான் கடையில் கற்ற அந்தப் பல்புப் பெட்டி வித்தை பல குடும்பங்களின் சம்ப் மோட்டாரையும் சேர்த்து மீட்டுக்கொடுத்தது. குடிதண்ணீருக்கு ஏங்கி நின்ற அந்த வாரத்தில் குளத்து மோட்டார்களை ஓரமாக வைத்துவிட்டு சம்ப் மோட்டார்களைத்தான் முதலில் முடித்தோம்.

கரண்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. குளத்து லைன் முழுவதும் முப்பது மில்லியாம்பியர் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் வரவேண்டும். அது அடிக்கடி டிரிப் ஆகிறதென்று நேராக இணைத்துத் தரச் சொல்பவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை. தண்ணீருக்கடியில் எரியும் விளக்கு பன்னிரண்டு வோல்ட்டாகத்தான் இருக்க வேண்டும். டிரிப் ஆகிறதென்றால் பெரும்பாலும் அந்த விளக்கின் கூட்டுக்குள் நீர் புகுந்திருக்கும்.

கடைசியாக, குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி. பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் ஒரு குழந்தையின் முடியையோ கையையோ பிடித்துக்கொள்ளும். பெரியவர் ஒருவர் இழுத்தாலும் விடாது. அமெரிக்காவில் 2002இல் கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுக் குழந்தை இப்படி உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவள் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. நம் ஊர்ப் பழைய குளங்களில் ஒரே ஒரு வடிகால், அதன் மேல் வெயிலில் நொறுங்கிப்போன பிளாஸ்டிக் தட்டு. இரண்டு வடிகாலாகப் பிரித்து, தட்டையாக இல்லாமல் குவிந்த மூடி போடுவதுதான் சரி. புதிதாகக் கட்டுபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூடியை மாற்றச் சொன்னால் பலர் தள்ளிப்போடுவதற்குக் காரணம், அதற்குக் குளத்தை இறக்க வேண்டுமென்ற நினைப்பு. தேவையில்லை. மெயினை அணைத்துவிட்டு, முங்கத் தெரிந்த ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு இறங்கி நாலு திருகைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் குளத்தின் மூடியை இந்த வாரமே யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால், மாற்றும்வரை பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.